டோசிங் பம்பின் கோளாறுகளும் அவற்றைக் கண்டறியும் விதமும்

சொட்டுநீர்க் குழாயின் வழியாகவே உரத்தையும் கரைத்து விடும் முறை, தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் 2004-ம் வருஷத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் தொடங்கிய துல்லியப் பண்ணையத் திட்டத்திற்குப் பிறகு குடியானவர்களிடையே நன்கு பரவியிருக்கிறது. சாதாரணத் தோட்டங்களில் இதற்கு வெஞ்சுரி என்னும் உறிஞ்சு குழலோ, உரத் தொட்டியோ போதுமானது. ஆனால் பசுமைக்குடில்களில் ரோஜா, குடைமிளகாய் முதலியவற்றைப் பயிரிடுவோரும், காரத்தன்மை மிகுந்த கிணற்று நீரை அமிலம் சேர்த்துத் திருத்துவோரும், சொட்டுவான்களில் அடைப்பு நேராதபடி மருந்து விடுவோரும், டோசிங் பம்பு என்று கடைகளில் வழங்கும் மருந்தளவுப் பம்பை வைத்துக்கொள்கிறார்கள். மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும் குடிநீரில் குளோரின் மருந்தைச் சேர்க்கும் பொருட்டு இதே பம்பைப் பல கிராமப் பஞ்சாயத்துகளும் அமைத்திருக்கின்றன. ஆகையால் இதன் குணதோஷங்களை நிலச்சுவான்தார்களும் பஞ்சாயத்துத் தலைவர்களும் தொட்டி இயக்குபவர்களும் ஒருங்கே அறிந்திருப்பது நலம்.

கிணற்று மோட்டார் நின்றுவிட்டால் வாய்க்கால் வறண்டு அந்த நாழிகையிலேயே சங்கதி தெரிந்துவிடும். டோசிங் பம்பின் விஷயம் அப்படியன்று. அது மருந்தை எடுக்காமலிருக்கும்போதும் தண்ணீர் வழக்கம்போல் ஓடிக்கொண்டேயிருக்கும். பம்பும் வழக்கம்போல் டக்கு டக்கென்று அடித்துக்கொண்டேயிருக்கும். தோட்டத்தில் இலை வெளுத்து வளர்ச்சி குன்றிய பிறகுதான் உரம் போகவில்லையென்பது தெரியவரும். குடிநீரில் மருந்து சேராமற்போனதோ, ஊரில் நாலு வீடுகளில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக் கண்ட பிறகே சந்தேகத்திற்கு வரும். இதற்கு மாறாக, மருந்து அளவுக்கு மீறிப் போய்விட்டாலோ வேர் கருகும். தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி நெடியடிக்கும். ஆகவே இந்தப் பம்பைப் பராமரிப்பவர் முதலில் விட்டொழிக்க வேண்டிய பழக்கம், அதன் ஓசையைக் கேட்டு அது வேலை செய்கிறதென்று நம்புவதே.

பம்பின் அமைப்பு மிகவும் எளியது. தலைப்பகுதியினுள் டயாப்ரம் என்னும் வளையக்கூடிய தகடு ஒன்று முன்னும் பின்னுமாக அசைகிறது. அது பின்னே இழுக்கப்படும்போது கீழ்ப்புறத்து வால்வின் குண்டு மேலெழும்பி மருந்தை உள்ளே விடுகிறது. முன்னே தள்ளும்போது கீழ்க் குண்டு அமர்ந்துகொள்ள, மேற்புறத்து வால்வின் குண்டு எழும்பி மருந்தை வெளியே விடுகிறது. அடியின் நீளத்தையோ, நிமிஷத்திற்கு எத்தனை அடி என்பதையோ திருகுமரையால் கூட்டிக் குறைத்து மருந்தின் அளவை நிர்ணயிக்கிறார்கள். மணிக்கு 6 லிட்டர் தள்ளக்கூடியதாய், நிமிஷத்திற்கு 100 அடி அடிக்கும் பம்பு ஒன்றை எடுத்துக்கொண்டால், ஓர் அடிக்கு அது தள்ளுவது ஒரே மில்லிலிட்டர்; அதாவது, சுமார் இருபது துளி. இத்தனை சிறிய அளவு என்பதை மனதில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்படும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஏன் உண்டாகின்றன என்பது தானே விளங்கும். குண்டின் மேல் படிந்த ஒரு மணல் துகள், குழாயில் தங்கிய ஒரு காற்றுக்குமிழ், வாஷரில் ஒரு மயிரிழைக் கீறல் இவையெல்லாம் கிணற்றுப் பம்புக்கு ஒரு பொருட்டல்ல. இதற்கோ ஒவ்வொன்றும் முழு அடைப்பு.

அளந்து பார்க்கும் விதம்

பம்பைக் கழற்றுவதற்கு முன் அது எவ்வளவு தள்ளுகிறதென்று அளந்து பார்க்க வேண்டும். இதற்கு வேண்டியவை, அடியளவு குறித்த 500 மில்லிலிட்டர்க் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் ஜாடி ஒன்றும், கடிகாரமும்தான். உறிஞ்சு குழாயின் நுனியை மருந்துத் தொட்டியிலிருந்து எடுத்து, அதே மருந்து நிறைந்த ஜாடியில் விட்டு, பம்பு வழக்கமான அழுத்தத்தில் பிரதான குழாய்க்குள் தள்ளிக்கொண்டிருக்கும்போதே, ஒரு நிமிஷத்தில் ஜாடியின் மட்டம் எவ்வளவு இறங்குகிறதென்று பார்க்க வேண்டும். மணிக்கு 6 லிட்டர்ப் பம்பு முழு அளவில் வைக்கப்பட்டிருந்தால் 100 மில்லிலிட்டரும், பாதியில் வைக்கப்பட்டிருந்தால் சுமார் 50 மில்லிலிட்டரும் இறங்க வேண்டும். மூன்று முறை அளந்து சராசரி காண்பது உத்தமம்.

சிலர் வெளியேற்று குழாயைக் கழற்றி, வாளியில் பீச்சவிட்டு அளக்கிறார்கள். அது சரியன்று. வெறுங்காற்றில் தாராளமாகத் தள்ளும் பம்பு, இரண்டு கிலோ அழுத்தமுள்ள குழாய்க்குள் தள்ள முடியாமல் திணறலாம். வால்வு தேய்ந்த பம்பின் லட்சணமே அதுதான். உறிஞ்சும் பக்கத்தில் அளந்தால் இந்த ஏமாற்றம் இல்லை.

இவ்விதம் வாரம் ஒரு முறை அளந்து, தேதியுடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவந்தால், 100 என்று இருந்தது 92 ஆகி, 85 ஆகி, 70 ஆவது கண்ணுக்குத் தெரியும். திடீரென்று பூஜ்யமாவது காற்றினாலோ அடைப்பினாலோ. சிறிது சிறிதாகக் குறைவது வால்வுத் தேய்மானத்தாலோ படிமானத்தாலோ என்று பெரும்பாலும் கொள்ளலாம். அளவு குறைந்ததைக் கண்டவுடன் திருகுமரையைக் கூட்டிச் சரிக்கட்டுவது தவறு. அதனால் நோய் மறைகிறதேயொழிய நீங்குவதில்லை. பிறகு தற்செயலாக அடைப்பு விலகும்போது இரட்டிப்பு மருந்து போய்ச் சேரும். இன்னொன்று: அடியின் நீளத்தை மாற்றும் திருகுமரையைப் பெரும்பாலான பம்புகளில் பம்பு ஓடும்போதுதான் திருப்ப வேண்டும்; நின்றிருக்கையில் பலவந்தமாகத் திருப்பினால் உள்ளிருக்கும் உறுப்புகள் கெடும்.

உறிஞ்சும் பக்கத்துக் குறைகள்

பம்பு அடிக்கிறது, மருந்து இறங்கவில்லை என்றால், பம்பைத் திறக்காமல் தொட்டியின் அடியிலிருந்து தொடங்கி வரிசையாகப் பார்த்துவர வேண்டும். தொட்டியில் மருந்து இருக்கிறதா என்பதே முதற்கேள்வி. இது சிரிப்புக்கிடமாய்த் தோன்றினாலும், காலித் தொட்டியோடு பழுது பார்ப்பவரிடம் பம்பைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. அடுத்தது உறிஞ்சு குழாயின் நுனியிலுள்ள சல்லடையும் ஃபுட் வால்வும். இது தொட்டியின் அடித்தளத்தைத் தொடாமல், நாலு விரற்கடை உயரத்தில், செங்குத்தாய்த் தொங்க வேண்டும். அடியில் படிந்தால் வண்டலை உறிஞ்சும்; சாய்ந்து கிடந்தால் குண்டு தன் இடத்தில் சரியாய் அமராது. ஒரு சிறு பாரத்தைக் கட்டித் தொங்கவிட்டால் குழாய் சுருண்டுகொண்டு மேலே வருவது நிற்கும். அந்தப் பாரம் மருந்தினால் அரிக்கப்படாத பீங்கானாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்க வேண்டும். இரும்பு நட்டு கட்டினால் அமிலத்தில் கரைந்துபோகும்.

அதன் பின் உறிஞ்சு குழாயை முழு நீளமும் கண்ணால் பார்க்க வேண்டும். ஒளி ஊடுருவும் குழாயானால் உள்ளே குமிழ்கள் வரிசையாக ஏறுவது தெரியும். குமிழ் ஏறினால் எங்கோ காற்று நுழைகிறதென்று அர்த்தம். இங்கே மருந்து வெளியே கசியாது, காற்றே உள்ளே இழுபடும்; ஆகையால் ஈரம் தெரியவில்லையே என்று ஏமாந்துபோகக் கூடாது. மூட்டுகளைச் சுற்றிச் சோப்பு நுரையைத் தடவி, நுரை உள்ளே இழுக்கப்படுகிறதா என்று பார்க்கலாம். குழாயின் நுனி வெயிலில் காய்ந்து இறுகிப்போயிருந்தால், இரண்டு விரற்கடை வெட்டிவிட்டு, நேராய்த் துணித்த புது நுனியைச் சொருகினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். மூட்டின் மரையைக் கையால் இறுக்கினால் போதும். ஸ்பானர் போட்டு முறுக்குவதால் பிளாஸ்டிக் தலைப்பகுதி வெடித்துப்போவதே பலன்.

பம்பை மருந்து மட்டத்திலிருந்து வெகு உயரத்தில் வைப்பதும் ஒரு குறையே. சாதாரணமாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் உறிஞ்சச் சொல்லலாகாது. குறைய இருப்பது இன்னும் நல்லது. காற்றுப் புகுந்துவிட்ட பம்பு தானாகவே பிடித்துக்கொள்ளாது. ஒரு மில்லிலிட்டர் அசைவினால் தலைக்குள்ளிருக்கும் காற்று சுருங்கி விரிகிறதேயன்றி, வெளிக்குழாயின் அழுத்தத்தை வென்று வால்வைத் திறப்பதில்லை. தலைப்பகுதியிலிருக்கும் காற்று விடும் திருகைச் சற்றுத் தளர்த்தி, அதன் சிறு குழாயைத் தொட்டிக்குள்ளேயே விட்டு, முழு அடியில் ஓடவிட்டால், காற்று போய்த் தொடர்ச்சியாக மருந்து வரும். வந்தவுடன் திருகை மூடிவிட வேண்டும். மூட மறந்தால் மருந்து முழுவதும் தொட்டிக்கே திரும்பிக்கொண்டிருக்கும். பம்பின் மேல் வீண்பழி.

அடுத்தது வால்வுகள். தலைப்பகுதியைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தி, வெளியேற்று குழாயின் அழுத்தத்தைத் தணித்து, தலைக்குள்ளிருக்கும் மருந்தைச் சுத்த ஜலத்தால் கழுவிவிட வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் உறையும் இன்றி இந்த வேலையில் இறங்கலாகாது. ஒரு துளி அமிலம் கண்ணில் பட்டால் போதும். குண்டு, அது அமரும் வளையம், ரப்பர் வளையம், மூடி ஆகியவற்றை எடுத்த வரிசைப்படியே ஒரு துணியின் மேல் அடுக்கி வைப்பது நல்லது. கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது அதைவிட நல்லது. ஏனெனில் வால்வைத் தலைகீழாய்ப் பூட்டிவிட்டுப் பம்பு கெட்டுப்போயிற்று என்று முடிவுகட்டுவது மிகவும் சாதாரணமான பிழை. அம்புக்குறி இருக்குமானால் அது மருந்து போகும் திசையை, அதாவது மேல்நோக்கி, காட்ட வேண்டும். குண்டில் குழி விழுந்திருந்தாலோ, ரப்பர் வளையம் உப்பியோ வெடித்தோ இருந்தாலோ கழுவிப் பயனில்லை. மாற்றியே ஆக வேண்டும். ரப்பர் வளையம் எந்த மருந்துக்கு ஏற்றது என்பதைக் கடைக்காரரிடம் மருந்தின் பெயரைச் சொல்லியே கேட்டு வாங்க வேண்டும். அமிலத்திற்கு நீடிப்பது குளோரின் மருந்துக்கு நீடிக்குமென்ற நிச்சயமில்லை. எஃகுக் குண்டு உள்ள பம்பைக் குளோரின் மருந்துக்கு உபயோகிப்பது கூடாது. பீங்கான் குண்டே தகும்.

குளோரின் மருந்தைப் பற்றிய விசேஷக் குறிப்புகள்

குடிநீருக்குப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் தானாகவே வாயுவை வெளிவிடும் இயல்புள்ளது. சித்திரை வைகாசி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்த தொட்டியில் இது அதிகமாகும். இரவில் பம்பு நின்றிருக்கும்போது குமிழ்கள் தலைக்குள் சேர்ந்து, காலையில் பம்பு வெறுமனே அடிக்கும். “ராத்திரி நன்றாக ஓடிற்று, காலையில் பிடிக்கவில்லை” என்று இயக்குபவர் சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுவே. தொட்டியை நிழலில் வைப்பது, மருந்தைத் தண்ணீர் சேர்த்து மென்மையாக்கிக்கொள்வது, பம்பைத் தொட்டியின் மட்டத்திற்குச் சமீபமாக வைப்பது, காற்று விடும் திருகைத் தினம் காலையில் ஒரு முறை திறந்து மூடுவது ஆகியவை இதற்குப் பரிகாரம்.

மென்மையாக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. 30,000 லிட்டர்த் தொட்டி ஒன்றை மணிக்கு 10,000 லிட்டர் ஏற்றும் மோட்டார் நிரப்புகிறதென்றும், லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டியிருக்கிறதென்றும் வைத்துக்கொண்டால், மணிக்கு 20 கிராம் குளோரின் தேவை. பத்து சதவிகித மருந்தை அப்படியே விட்டால் மணிக்கு 200 மில்லிலிட்டர் போதும். மணிக்கு 6 லிட்டர்ப் பம்பை இத்தனை குறைவாக ஓட்டினால் அளவு நிலைத்து நிற்காது. எந்த டோசிங் பம்பையும் அதன் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே ஓட்டலாகாது. ஒரு லிட்டர் மருந்துக்கு ஒன்பது லிட்டர் தண்ணீர் சேர்த்து ஒரு சதவிகிதமாக்கிவிட்டால் மணிக்கு 2 லிட்டர் போக வேண்டும். பம்பு தன் சக்தியில் மூன்றில் ஒரு பங்கில் சுகமாக ஓடும். இக்கணக்கு தொடக்கத்திற்கு மட்டுமே. குழாயின் கடைசி வீட்டில் எஞ்சிய குளோரினைச் சோதனைப் பெட்டியால் பார்த்து, இந்திய நியமப்படி லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமலிருக்கும்படி அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். நாட்பட்ட மருந்து வீரியம் குறைந்துபோவதால், பம்பு சரியாகத் தள்ளியும் சோதனையில் நிறம் வராமலிருக்கலாம். அப்போது பழி பம்பினுடையதல்ல, மருந்தினுடையது.

ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து உபயோகிக்கும் இடங்களில் தொல்லை வேறு விதம். 33 சதவிகித வீரியமுள்ள தூளில் ஒரு லிட்டருக்கு 30 கிராம் வீதம் கரைத்தால் சுமார் ஒரு சதவிகிதக் கரைசல் கிடைக்கும். ஆனால் அதிலுள்ள சுண்ணாம்பு கரைவதில்லை. வேறொரு பாத்திரத்தில் கரைத்து, இரவு முழுதும் தெளியவைத்து, மேல் தெளிவை மட்டும் வடித்துப் பம்பின் தொட்டியில் விட வேண்டும். தொட்டியிலேயே தூளைக் கொட்டிக் கலக்கிவிட்டுப் பம்பைப் போட்டால், அது ஒரு வாரம் ஓடினாலும் அதிசயமே.

உப்பு நீரிலும் கடின நீரிலும் மருந்தை மென்மையாக்கும்போது, வால்வுகளிலும் பிரதான குழாயில் மருந்து சேரும் முனையிலும் வெண்மையான சுண்ணாம்புப் படிவு பிடிக்கும். இதைப் போக்க அமிலம் உதவும் என்பது உண்மை. ஆயினும் இவ்விடத்தில்தான் உயிருக்கே ஆபத்தான தவறு நேர்கிறது. குளோரின் மருந்தின் மேல் அமிலம் பட்டால் அக்கணமே குளோரின் வாயு கிளம்பும். சிறு பம்பு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்பவருடைய நுரையீரலை அது சுட்டுவிடும். வினிகரும் எலுமிச்சம்பழச் சாறும்கூட அமிலமே என்பதை மறக்கக் கூடாது. ஆகையால் படிவைக் கழுவ வேண்டுமானால், உறிஞ்சு குழாயைச் சுத்த ஜலத்தில் விட்டுப் பம்பைப் பதினைந்து நிமிஷம் ஓடவிட்டு, மருந்து முழுதும் போன பிறகு, வால்வுகளைக் கழற்றி, வெளியே காற்றாடும் இடத்தில், தனிப் பாத்திரத்தில் வினிகரில் ஊறவைத்து, மீண்டும் நன்றாய் அலசிப் பூட்ட வேண்டும். மருந்துத் தொட்டிக்குள் அமிலத்தை ஊற்றிக் “குழாயோடு சேர்த்துக் கழுவிவிடலாம்” என்ற யோசனை யாருக்கும் வரவே கூடாது. அவ்வாறே தோட்டங்களில் ஒரே பம்பால் ஒரு நாள் அமிலமும் மறுநாள் குளோரின் மருந்தும் விடும் வழக்கம் விலக்கத்தக்கது. இரண்டுக்கும் பம்பு, தொட்டி, வாளி எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். தொட்டிகளின் மேல் பெயரைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிவைக்க வேண்டும். அமிலத்தை மென்மையாக்கும்போது தண்ணீரை முதலில் விட்டு அதில் அமிலத்தைச் சிறிது சிறிதாய் ஊற்ற வேண்டுமேயல்லாது, அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றலாகாது.

மருந்து அதிகமாகப் போதலும் திரும்பி வருதலும்

குறைவாகப் போவதைவிட அதிகமாகப் போவது அரிது. ஆனால் கேடு பெரிது. மருந்துத் தொட்டி உயரத்திலும், குழாய் முடியும் இடம் தாழ்விலும் இருந்து, அங்கே எதிரழுத்தம் ஏதும் இல்லையானால், பம்பு நின்ற பிறகும் மருந்து இரண்டு வால்வுகளையும் தள்ளிக்கொண்டு தானாகவே ஒழுகிக்கொண்டிருக்கும். மொட்டைமாடியில் தொட்டியை வைத்துக் கீழேயுள்ள தரைத்தொட்டிக்குள் குழாயை விட்டிருக்கும் இடங்களில் இதை எதிர்பார்க்கலாம். கிணற்று மோட்டாரின் உறிஞ்சும் பக்கத்தில் மருந்தைச் சேர்ப்பதும் இதே விளைவைத் தரும். பம்பை நிறுத்தி அரை மணி நேரம் கழித்து ஜாடியின் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதே இதற்குப் பரீட்சை. வெளியேற்று குழாயில் எதிரழுத்த வால்வு ஒன்றைப் பொருத்தி ஒரு கிலோ அளவு அழுத்தம் இருக்கும்படி செய்தால் ஒழுகுவது நிற்கும்; பம்பின் அளவும் நிலைப்படும்.

இதற்கு நேர்மாறானது, மருந்துத் தொட்டியின் மட்டம் காலையில் உயர்ந்திருப்பது. யாரோ தண்ணீர் ஊற்றிவிட்டதாக எண்ண வேண்டாம். பிரதான குழாயில் மருந்து சேரும் முனையிலுள்ள வால்வு தேய்ந்து, குழாய்த் தண்ணீர் பம்பின் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. அந்த வால்வை உடனே மாற்ற வேண்டும்.

மின்சாரத்தைப் பொறுத்த ஓர் அபாயத்தை எல்லோரும் கவனிப்பது அவசியம். கிணற்று மோட்டார் மும்முனை மின்சாரத்திலும், டோசிங் பம்பு ஒருமுனை மின்சாரத்திலும் ஓடுகின்றன. மும்முனை நின்று ஒருமுனை மட்டும் வரும் நேரத்தில் மோட்டார் நின்றுவிடும். டோசிங் பம்போ ஓடிக்கொண்டேயிருந்து, ஓட்டமற்ற குழாய்க்குள் கெட்டி மருந்தை நிரப்பிக்கொண்டிருக்கும். மறுபடி மோட்டார் கிளம்பும்போது அந்த மருந்து முழுதும் முதற்பாத்தியின் செடிகளுக்கோ, முதல் வீட்டுக் குடத்திற்கோ போய்ச் சேரும். இன்னும் ஒன்று: மோட்டார் நின்றவுடன் ஆழ்குழாய்க்குள் தண்ணீர் கீழிறங்கும்போது, திரும்பாதபடி தடுக்கும் வால்வு இல்லையானால், உரமும் அமிலமும் கிணற்றுக்குள்ளேயே போய்விடும். அதே கிணற்றில் குடிக்கத் தண்ணீர் எடுக்கும் குடும்பங்கள் எத்தனையோ. ஆகையால் டோசிங் பம்புக்கு மின்சாரம் மோட்டாரின் ஸ்டார்ட்டர் வழியாகவே கிடைக்கும்படி தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு இணைத்துவிட வேண்டும். மோட்டார் நின்றால் இதுவும் நிற்க வேண்டும். மருந்து சேரும் இடத்திற்கும் கிணற்றுக்கும் நடுவே திரும்பாத வால்வும் காற்று வால்வும் அவசியம் இருக்க வேண்டும். இவற்றிற்காகும் செலவை வீண் செலவென்று தள்ளிப்போடுவோர், பம்பை அமைக்காமலிருப்பதே மேல்.

உரக் கரைசல்

உரம் விடும் பம்புகளில் வால்வடைப்பு நேர்வதற்குக் காரணம் பெரும்பாலும் தொட்டியில் கலக்கும் விதமே. கால்சியம் நைட்ரேட்டை, பாஸ்பேட் உரத்துடனோ சல்பேட் உரத்துடனோ ஒரே தொட்டியில் கெட்டியாகக் கலந்தால் கரையாத வண்டல் விழும். அவற்றிற்குத் தனித் தொட்டி, தனி நாள் வைத்துக்கொள்ள வேண்டும். சந்தேகமிருந்தால் ஒரு கண்ணாடிப் புட்டியில் அதே விகிதத்தில் சிறிது கலந்து ஒரு மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். பால்போல் கலங்கினால் அக்கலவை பம்புக்கு ஆகாது. சாதாரணச் சிவப்புப் பொட்டாஷ் உரத்தில் கரையாத அழுக்கு இருப்பதால் வெள்ளைப் பொட்டாஷே ஏற்றது.

கரையும் அளவும் உரத்துக்கு உரம் வேறுபடும். 20 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமுள்ள 100 லிட்டர் ஜலத்தில் யூரியா ஏறத்தாழ 100 கிலோ கரையும். பொட்டாசியம் நைட்ரேட் சுமார் 31 கிலோவும், பொட்டாசியம் சல்பேட் சுமார் 11 கிலோவுமே கரையும். யூரியாவும் பொட்டாசியம் நைட்ரேட்டும் கரையும்போது தண்ணீரைக் குளிர்ச்சியாக்குகின்றன. குளிர்ந்தால் கரையும் அளவு இன்னும் குறையும். நீலகிரி, கொடைக்கானல் பிரதேசங்களில் மாலையில் தெளிவாயிருந்த கரைசல் விடியற்காலையில் தொட்டியின் அடியில் உப்புப் பூத்திருப்பது இதனாலேயே. எல்லையை எட்டாமல், அதில் பாதியளவே கரைத்து, துணியில் வடிகட்டி ஊற்றினால் தொல்லையில்லை. உரம் விட்டு முடிந்ததும் பத்து நிமிஷம் வெறும் தண்ணீரைப் பம்பின் வழியாக விட்டுக் கழுவுவது தினசரிக் கடமை. தலைக்குள் தங்கிய கரைசல் காய்ந்து பூத்த உப்பு, குண்டை அதன் வளையத்தோடு ஒட்டவைத்துவிடும். அப்போது வெந்நீரை ஊற்றி இளக்க வேண்டுமேயன்றி, கம்பியை விட்டுக் குத்தலாகாது.

டயாப்ரம் முதலியன

தலைப்பகுதிக்குப் பின்னால், அடிப்புறத்தில் ஒரு சிறு துவாரம் இருக்கும். அதில் ஈரம் கண்டால் டயாப்ரம் கிழிந்துவிட்டது என்று நிச்சயமாய்க் கொள்ளலாம். அத்துவாரத்தை மெழுகு வைத்து அடைப்பது தன் பம்பைத் தானே கொல்வதற்குச் சமானம். கசிந்த அமிலம் வெளியே வர வழியின்றி உள்ளே புகுந்து மோட்டாரையும் பல்சக்கரத்தையும் தின்றுவிடும். டயாப்ரம் கிழியும்வரை காத்திராமல் வருஷத்திற்கு ஒரு முறை, வால்வுக் குண்டு, ரப்பர் வளையங்களோடு சேர்த்து மாற்றிவிடுவது சிக்கனமே. புதியதைப் பூட்டியபின் நான்கு போல்ட்டுகளையும் எதிரெதிராகச் சிறிது சிறிதாய் இறுக்கி, ஒரு நாள் ஓடிய பிறகு மறுபடி ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

பம்பு சிறிதும் அடிக்கவில்லையென்றால் பியூஸ், பிளக், ஸ்விட்ச் ஆகியவற்றைப் பார்த்தபின், மின்னழுத்தத்தையும் அளந்து பார்க்க வேண்டும். அழுத்தம் மிகத் தாழ்ந்திருந்தால் காந்தத்தால் இயங்கும் பம்புகள் அரை அடியோடு நின்றுவிடும். வெளியேற்று குழாயில் ஏதேனும் வால்வு மூடியிருந்தாலும், பிரதான குழாயின் அழுத்தம் பம்பின் தகட்டில் குறித்ததைவிட அதிகமாயிருந்தாலும் இப்படியே நேரும். தரையில் வைத்த பம்பு 15 மீட்டர் உயரத் தொட்டிக்கு ஏறும் குழாயில் மருந்தைச் சேர்ப்பதானால் உயரத்துக்கு மட்டுமே ஒன்றரை கிலோ அழுத்தம் வேண்டும். ஒரு கிலோவுக்கு உட்பட்ட பம்பை வாங்கி வைத்துவிட்டு மெக்கானிக்கை நொந்து பயனில்லை.

பஞ்சாயத்துகள் டயாப்ரம் ஒன்றும், வால்வுத் தொகுதி இரண்டும், ஃபுட் வால்வு ஒன்றும், நாலைந்து மீட்டர் குழாயும் எப்போதும் கையிருப்பில் வைத்துக்கொள்வது நலம். உறுப்பு வந்து சேரும்வரை மருந்தைக் கையால் அளந்து மேல்நிலைத் தொட்டியில் ஊற்றலாம். மேலே காட்டிய கணக்கின்படி 30,000 லிட்டருக்கு ஒரு சதவிகிதக் கரைசல் 6 லிட்டர். ஊற்றிய பின் அரை மணி நேரம் கழித்தே தண்ணீரை ஊருக்குத் திறந்துவிட வேண்டும்.